வாட்ஸ்ஆப்பில் நோட்டீஸ், "தேசப் பாதுகாப்பு வழக்கு" என்று மிரட்டல்: என்ன செய்யலாம்?

பாம்பன் ராசு:

வணக்கம். இங்கே நான் காற்று, நீரோட்டம், நண்டு விலை தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. இப்போது வேறு வழி தெரியவில்லை.

என் அக்கா மகனுக்கு 23 வயது. டிப்ளமா முடித்தவன். கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான், பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போட்டிருக்கிறோம். போன மாதம் நம் படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனபோது தங்கச்சிமடத்தில் எல்லோரும் சாலையில் உட்கார்ந்தோம் அல்லவா, அதில் இவனும் இருந்தான். உட்கார்ந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து, அட்டை பிடித்திருந்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, மேலே "எங்களைக் காப்பாற்றாத தேசம் எங்களுக்கு எதற்கு?" என்று ஒரு வரியும் எழுதிவிட்டான்.

இரண்டு நாள் கழித்து மஃப்டியில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. அக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "பையனுக்குச் சொல்லுங்கம்மா, இது தேசப் பாதுகாப்பு விஷயம், வழக்கு விழுந்தால் ஜாமீனே கிடையாது" என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். நேற்று அவன் போனுக்கு வாட்ஸ்ஆப்பில் நோட்டீஸ். திங்கள் காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு வரவேண்டுமாம்.

அக்கா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ஒரு வரிக்கு என்னதான் போட முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓலைக்குடா செல்வம்:

மாமா, முதலில் அந்தப் பதிவை அழிக்கச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

வைகைக்கரை வக்கீல்:

அழிக்க வேண்டாம் செல்வம். படம் பிடித்து வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கே வந்திருப்பார்கள். இப்போது அழித்தால் "சாட்சியத்தை மறைத்தான்" என்று எழுத அவர்களுக்கு ஒரு வரி கூடுதலாகக் கிடைக்கும். புதிதாக எதுவும் போடாமல் இருந்தால் போதும்.

ராசு அண்ணே, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் நோட்டீஸ். கைது செய்யாமல் விசாரணைக்கு அழைப்பதற்குப் புதிய நடைமுறைச் சட்டத்தில் 35(3) என்று ஒரு பிரிவு இருக்கிறது, பழைய 41ஏ. அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பக் கூடாது, சட்டம் சொன்ன முறையில்தான் கொடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். வக்கீலோடு போய், "நோட்டீஸைக் கையில் கொடுங்கள், வழக்கு எண் என்ன, பிரிவு என்ன" என்று கேளுங்கள். எண் இல்லையென்றால் சும்மா கூப்பிட்டுப் பயம் காட்டுகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி "தேசப் பாதுகாப்பு". அப்படி ஒரே சட்டம் கிடையாது. வீட்டுக்கு வந்தவர்கள் நாலு சட்டத்தைப் பிசைந்து ஒரே உருண்டையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

சாலையில் உட்கார்ந்ததற்கு வருவது சட்டவிரோதக் கூட்டம், தடையை மீறியது. நம் பக்கம் தடை உத்தரவுக்குப் பஞ்சமா? செப்டம்பர், அக்டோபர் குருபூஜை வந்தால் தானாக முளைக்கும். தடையை மீறியதற்குப் போலீஸ் தன்னிச்சையாக எஃப்.ஐ.ஆர். போட்டு வழக்கு நடத்த முடியாது, உத்தரவு போட்ட அதிகாரி எழுத்தில் நீதிமன்றத்துக்குப் புகார் தர வேண்டும் என்று 2018ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜீவானந்தம் வழக்கில் சொல்லி, ஒரு கட்டு வழக்குகளை ரத்து செய்தது. இதற்குத் தூக்கம் கெட வேண்டாம்.

அந்த ஒரு வரிக்கு அவர்கள் மனதில் இருப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆவது பிரிவாக இருக்கும். வ.உ.சி. மீது 1908ல் போட்ட ராஜதுரோகப் பிரிவை, 124ஏ, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி புதிய சட்டம் வந்தபோது ராஜதுரோகம் என்ற சொல் போனது, அதன் இடத்தில் "இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து" வந்து உட்கார்ந்தது. ஆயுள் தண்டனை, அல்லது ஏழு ஆண்டு வரை. பிரிவினை உணர்வை ஊக்குவிப்பது என்ற சொற்கள் அதில் உண்டு, பிடித்தால் அதைத்தான் பிடிப்பார்கள். ஆனால் அரசின் செயலைக் கண்டித்து, அதைச் சட்ட வழியில் மாற்றக் கோருவது குற்றமல்ல என்ற விளக்கமும் அதே பிரிவுக்கு அடியில் இருக்கிறது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்று தெருவில் நின்று காலிஸ்தான் வாழ்க என்று கத்தியவர்களையே, யாரும் அதைக் கேட்டுக் கிளம்பவில்லை, வெறும் கோஷம்தான் என்று 1995ல் பல்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உங்கள் மருமகன் கேட்டது கேள்வி. அதற்கு 152 நிற்காது என்பது என் கருத்து.

"ஜாமீனே கிடையாது" என்றது உபாவை, அதாவது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தை வைத்து. 1967ல் வந்த சட்டம். பயங்கரவாதம் அதற்குள் வந்தது 2004ல். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008ல் ஜாமீன் கதவை அடைத்தார்கள். 2019 முதல் அமைப்பு எதிலும் இல்லாத தனி ஆளையே பயங்கரவாதி என்று அறிவிக்கலாம். அதன் 43டி(5) பிரிவு என்ன சொல்கிறதென்றால், போலீஸ் தாளைப் பார்த்துக் குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று நம்ப இடமிருந்தாலே நீதிபதி ஜாமீன் தரக் கூடாது. குற்றப்பத்திரிகைக்கான 90 நாளை 180 வரை நீட்டலாம். ஆனால் இந்தத் தடை பயங்கரவாத அத்தியாயங்களுக்குத்தான். பேச்சு எழுத்துக்கு வழக்கமாகச் சொருகும் 13ஆவது பிரிவுக்கு இந்தத் தடை பொருந்தாது. வக்கீல்களில் பாதிப் பேரே இதைக் கவனிப்பதில்லை.

கடைசியாக, 1980ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்புச் சட்டம். அது வழக்கே இல்லை, தடுப்புக் காவல். கலெக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அந்தக் காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. நான் வராந்தாவில் நிற்பேன், உள்ளே வலை இழுக்கிற மனிதர் தனக்காகத் தானே வாதாட வேண்டும். 2018ல் தூத்துக்குடிப் போராட்டக்காரர்கள் சிலர் மீது போட்டார்கள், மதுரைக் கிளை ரத்து செய்தது. ஒரு ஃபேஸ்புக் வரிக்கு இதெல்லாம் வராது. அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டு:

வக்கீல் சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்தக் கரையை மற்ற ஊர் மாதிரி நினைத்துப் பேசுகிறீர்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர். எண்பதுகளில் இந்தக் கரையில் எத்தனை படகு வந்தது, பெட்ரோல், மருந்து, வயர்லெஸ் எல்லாம் அக்கரை இயக்கங்களுக்கு எந்த வழியாகப் போனது என்று வயதானவர்களைக் கேளுங்கள். 1991ல் ராஜீவ் கொலைக்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இப்போதும் தங்கம், கஞ்சா, கடல் அட்டை, பீடி இலைக் கடத்தல். கண்காணிப்பு வேண்டாம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் வேலை பார்த்த நிலையம் எது என்று யாரும் கேட்க வேண்டாம். போராட்டம் முடிந்த ராத்திரி மேலிடத்திலிருந்து பட்டியல் கேட்பார்கள். யார் தலைமை, யார் பின்னணி, எந்த அமைப்பு. பின்னணியே இல்லை சார், படகு போன கோபம் என்று எழுதினால் தாள் திரும்பி வரும். அதனால் மைக் பிடித்தவன், அட்டை பிடித்தவன், படத்தில் முகம் தெளிவாகத் தெரிந்தவன் பெயர்கள் போகும். நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் பெயர்கள் பிறகு எந்தக் கோப்பில் போய் உட்கார்ந்தன என்று எனக்குத் தெரியாது.

ஓலைக்குடா செல்வம்:

ஏட்டையா, கடல் அட்டை பிடிப்பவனும் ஃபேஸ்புக்கில் எழுதுபவனும் ஒன்றா?

ஓய்வுபெற்ற ஏட்டு:

ஒன்று என்று நான் சொல்லவில்லை தம்பி. பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள் என்றுதான் சொன்னேன்.

கீழக்கரைக்காரன், துபாய்:

ராசு காக்கா, நீங்கள் பயப்பட வேண்டியது ஜெயிலுக்கு அல்ல, பாஸ்போர்ட்டுக்கு. 2020ல் குடியுரிமைச் சட்டப் போராட்டத்தில் உட்கார்ந்ததற்கு என் சினேகிதன் பெயர் ஒரு எஃப்.ஐ.ஆரில் ஏறியது. 2021 பிப்ரவரியில் அரசே அந்த வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சரி, முடிந்தது என்று நினைத்தோம். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனால் போலீஸ் விசாரணை அறிக்கையில் "வழக்கு நிலுவை" என்று வருகிறது. கணினியில் யாரும் அழிக்கவில்லை. ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டும், அது மறுபடி முதல் அலுவலகத்தைக் கை காட்டும். ஒன்றரை வருடம் அலைந்தான். வந்த வேலை போனது. அவன் உம்மா நகையை விற்று ஊரில் கடை வைத்துக் கொடுத்தார்கள்.

சட்டப்படி பார்த்தால், எஃப்.ஐ.ஆர். இருப்பதாலேயே பாஸ்போர்ட் மறுக்க முடியாது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த பிறகுதான் "நிலுவை". அப்போதும் அந்த நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினால், 1993 அறிவிக்கைப்படி நீதிமன்றம் சொன்ன காலத்துக்கு, காலம் எதுவும் சொல்லாவிட்டால் ஓராண்டுக்குக் கொடுப்பார்கள். இதையெல்லாம் அவன் தெரிந்துகொண்டது வேலை போன பிறகு.

சேதுச்சீமை மறவன்:

எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். அந்த வரியை யாரும் பேசவில்லை. "தேசம் எங்களுக்கு எதற்கு" என்றால் என்ன அர்த்தம்? எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிறார். எனக்கு அது குத்துகிறது. தப்பு செய்யாதவன் போய் விளக்கம் சொல்லிவிட்டு வரட்டுமே, இதில் என்ன பயம்?

மண்டபம் முகாமில் பிறந்தவள்:

அண்ணா, "விளக்கம் சொல்லிவிட்டு வரட்டும்" என்று 1980களில் அக்கரையில், இலங்கையில் சொல்லிப் போன என் மாமா இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தார். அங்கே பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ல் வந்தது. பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கும். மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்து, 1982ல் நிரந்தரமாக்கினார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, பெயரில் மட்டும் தற்காலிகம் போகவில்லை. அமைச்சர் கையெழுத்தில் 18 மாதம் வரை அடைத்து வைக்கலாம் என்று இருந்ததை 2022ல்தான் 12 ஆக்கினார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் இருப்பவர் முன்னால் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம். எங்கள் ஆட்களுக்குச் சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிய கதை வீட்டுக்கு வீடு உண்டு.

ஆயுதம் தூக்கியவர்களுக்கு மட்டும் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். 2009 ஆகஸ்டில் ஜே. எஸ். திசநாயகம் என்ற பத்திரிகையாளருக்கு, எழுதியதற்காக 20 வருடம் கடூழியச் சிறை கொடுத்தார்கள். அடுத்த வருடம் உலகமே கத்திய பிறகு மன்னிப்பு. பெயர் தெரியாத பொடியனுக்கு யார் கத்துவார்கள்?

வைகைக்கரை வக்கீல்:

தங்கச்சி சொன்ன அந்த வாக்குமூல விஷயம் நமக்கும் புதிதல்ல. இங்கே முன்பு இருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் எஸ்.பி. முன் கொடுத்த வாக்குமூலம் செல்லும். ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்றார்கள். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் இது தடாவின்படி பயங்கரவாதக் குற்றமே ஆகாது என்றது, 19 பேரை வெளியே விட்டது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலம் மற்ற குற்றங்களுக்குச் செல்லும் என்றும் சொன்னது. சட்டம் போன பிறகும் அதில் எழுதிய தாள் உயிரோடு இருந்தது.

சேதுச்சீமை மறவன்:

அது கொலை வழக்கு வக்கீல் சார். முன்னாள் பிரதமரைக் கொன்றது. அதைக் கொண்டுவந்து எதிர்ப்பு, கருத்து என்று கலக்காதீர்கள்.

வைகைக்கரை வக்கீல்:

ஒத்துக்கொள்கிறேன். கலந்தது என் தவறு. வாக்குமூலத்துக்காக மட்டும் சொன்னேன்.

நீங்கள் கேட்ட "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்பதற்கு ஒரு கணக்கு. 2016 முதல் 2019 வரை உபாவில் கைதானவர்கள் 5,922 பேர், தண்டனை பெற்றவர்கள் 132 பேர். 2021ல் உள்துறை இணை அமைச்சர் மாநிலங்களவையில் கொடுத்த பதில். அந்த 132 பேரும் அந்த 5,922க்குள் இருப்பவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பழைய வழக்குகளும் அதில் வரும். இதை மறைத்துவிட்டு மேடையில் இரண்டு சதவீதம் என்று முழங்குகிறார்கள், அது சரியான கணக்கு இல்லை. இருந்தாலும் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், எத்தனை பேர் மேல் குற்றம் நிற்கிறது என்பதற்கு நடுவே உள்ள பள்ளம் தெரிகிறது அல்லவா.

தீர்ப்பு வரும்வரை உள்ளேயே இருப்பதுதான் இங்கே தண்டனை. உபாவில் கைதான பாதிரியார் ஸ்டான் சுவாமி நம் திருச்சிப் பக்கத்துக்காரர். 84 வயது, நடுக்கு வாதம், தம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சு குழாய் கேட்டு மனுப் போட்டார். 2021 ஜூலையில் விசாரணையே தொடங்காமல், காவலில் இருந்தபடி மருத்துவமனையில் இறந்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்று இனி யாரும் சொல்லப்போவதில்லை.

நீதிமன்றங்களும் ஒரே மாதிரி பேசுவதில்லை. வருடக்கணக்கில் விசாரணை நகராவிட்டால் 43டி(5) இருந்தாலும் ஜாமீன் தரலாம் என்று 2021ல் நஜீப் வழக்கில் சொன்னார்கள். 2023 அக்டோபரில் பாப்புலர் ஃப்ரண்ட் அமைப்பினர் வழக்கில் எட்டுப் பேருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மே மாதம், ஒரு வாரம் முன்னால், கைதுக்கான காரணத்தை எழுத்தில் தராததால் பத்திரிகையாளர் பிரபீர் புர்காயஸ்தாவின் கைதே செல்லாது என்றது. எந்த அமர்வுக்கு வழக்கு போகிறது என்பதைப் பொறுத்து மனுஷன் வீட்டுக்குப் போகிறான், அல்லது போவதில்லை.

தொண்டி ரயில்வே கேட்:

என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) எடுத்த வழக்கு என்றால் சென்னைப் பக்கம் பூந்தமல்லி நீதிமன்றம். இங்கிருந்து போக ஒரு ராத்திரி, திரும்ப ஒரு ராத்திரி. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, பாம்பன் பாலம் மூடியிருந்த நாட்களில் தீவிலிருந்து மண்டபம் வரை பஸ், அங்கிருந்து ரயில், எழும்பூரில் இறங்கி மறுபடி பஸ். மகனைக் கம்பிக்கு அந்தப் பக்கம் பத்து நிமிஷம் பார்க்க. வாய்தா ஒத்திவைத்தால் அதுவும் இல்லை.

மிசா காலத்து ஆள்:

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1976 ஜனவரி 31 இரவு இங்கே தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள், விடிவதற்குள் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் ஆட்களை அள்ளினார்கள். அன்றைக்கு அடி வாங்கிய கட்சி, 2008ல் உபாவில் ஜாமீனை அடைத்தபோது மத்திய அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தது. 2002 மார்ச்சில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை ஆதரித்தவர் வைகோ. அதே வருடம் ஜூலையில், திருமங்கலத்தில் பேசியதற்காக, அதே பொடாவில் அவரையே விமான நிலையத்தில் பிடித்து வேலூரில் 19 மாதம் வைத்தார்கள். பழ. நெடுமாறனும் போனார், நக்கீரன் கோபாலும் போனார். நமக்கு வேண்டாதவன் மீதுதானே என்று எல்லோரும் கை தூக்கினார்கள்.

கீழக்கரைக்காரன், துபாய்:

எங்கள் ஆட்கள் சிலர் ஹாங்காங்கில் ரத்தினக் கல் வியாபாரத்தில் இருக்கிறார்கள். அங்கே 2020 ஜூன் 30ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் ஜாமீன் தலைகீழ்தான்: மறுபடி செய்ய மாட்டான் என்று நீதிபதிக்கு நம்பிக்கை வந்தால் மட்டும். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க எதிர்க்கட்சிகள் தங்களுக்குள் ஒரு முன்தேர்தல் நடத்தியதற்கு 47 பேர் மீது வழக்கு. 2021ல் பிடித்ததற்கு 2024 நவம்பரில் தண்டனை, நாலு முதல் பத்து வருடம் வரை. பலர் அதுவரை உள்ளேயே. இதில் எனக்கு மறக்காதது வேறு ஒன்று. செம்மறி ஆடும் ஓநாயும் வரும் குழந்தைகளுக்கான படக்கதை போட்டதற்காகப் பேச்சுப் பயிற்சி தரும் ஐந்து பேருக்கு 19 மாதம் ஜெயில். அது புதுச் சட்டத்தில்கூட இல்லை, வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய ராஜதுரோகச் சட்டத்தில். நம் 124ஏக்குத் தம்பி.

சேதுச்சீமை மறவன்:

சரி, வழக்கு வேண்டாம். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வரி சரி என்று சொல்ல மாட்டேன். பையனை நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்பேன்.

பாம்பன் ராசு:

தாராளமாகக் கேளுங்கள் அண்ணே. நானே கேட்டேன். "மாமா, நம் படகு அங்கே யாழ்ப்பாணப் பக்கம் மயிலிட்டியில் கிடந்து உளுத்துப்போகிறது, யாரைப் பார்த்துக் கேட்பது, சொல்லுங்கள்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் வந்தால் மீன் குழம்பு உண்டு, கேள்வியையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஓலைக்குடா செல்வம்:

மாமா, திங்கள்கிழமை என்ன ஆயிற்று?

பாம்பன் ராசு:

போய் வந்துவிட்டோம். வக்கீல் தம்பி மதுரையிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து சேர்ந்தார். பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் பன்னிரண்டரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். வழக்கு எண் கேட்டோம், இல்லை. பிரிவு கேட்டோம், "விசாரணைதான் சார்" என்றார்கள். அந்தப் படத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். அவன் எல்லோரும் ஊர்க்காரர்கள் என்று மட்டும் சொன்னான். பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, இனி எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தம்பி "எந்தச் சட்டத்தில் சார்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தாள் மேஜைக்குள் போய்விட்டது. நோட்டீஸைக் கையில் கொடுத்தார்கள். மூன்றே காலுக்கு வெளியே வந்தோம்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு இன்னும் ஆள் வரவில்லை. கத்தார்க்காரர்கள் அடுத்த மாதம் 15ஆம் தேதி வரைதான் காத்திருப்பார்களாம்.

வைகைக்கரை வக்கீல்:

அந்த நோட்டீஸில் தேதியும் இல்லை, முத்திரையும் இல்லை, கவனித்தீர்களா? மடிக்காமல் வையுங்கள். பாஸ்போர்ட் விசாரணையில் ஏதாவது எழுதினால் அதை வைத்துத்தான் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுவேன். 10ஆம் தேதிக்குள் ஆள் வராவிட்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

பாம்பன் ராசு:

சரி தம்பி. அக்கா நண்டு கொடுத்துவிடச் சொன்னாள். எந்த பஸ்ஸில் போடட்டும்?

வைகைக்கரை வக்கீல்:

அதெல்லாம் எதற்கு அண்ணே. ராத்திரி மதுரை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுங்கள். ஐஸ் கொஞ்சம் அதிகமாகப் போடச் சொல்லுங்கள்.